கிச்சன் மேடம் வாங்கிய கம்ப்யூட்டர்

நானூற்றுப் பன்னிரண்டு. அவள் இதுவரை கட்டி முடித்த சமையலறைகளின் எண்ணிக்கை அது. அவற்றில் ஒன்றில்கூட ஒரு குவளை தண்ணீர் சுடவைத்ததில்லை. பாதிக்கு மேல் நேரில் பார்த்ததும் இல்லை.

வயது நாற்பத்து நான்கு. ஒரு சமையலறை எப்படி வரப்போகிறது என்பதை, சுவரில் முதல் ஆணி இறங்குவதற்கு முன்பே படமாக்கிக் காட்டுவது அவள் தொழில். அலமாரிக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், காலை வெயில் மேடைக் கல்லில் எப்படி விழும், புகைபோக்கி நெட்டையான ஆளின் நெற்றியில் இடிக்குமா என்பதெல்லாம் படத்திலேயே தெரிந்துவிடும். பார்க்கிறவர் "இந்தப் பச்சை வேண்டாம்" என்று அப்போதே சொல்லிவிட்டால் ஒரு பலகையும் வீணாகாது. அவளுக்கு வேலை கொண்டுவரும் தச்சர் அவளை ‘கிச்சன் மேடம்’ என்பார். தச்சருக்கு அவள் வைத்த பெயர் ‘மில்லிமீட்டர்’. அந்த மனிதர் வாயில் அடி, அங்குலம் எதுவும் வராது. பசிக்கிறதா என்று கேட்டால்கூட, "ஒரு ரெண்டு மில்லிமீட்டர் பசிக்குது மேடம்" என்பார்.

இத்தனையும் நடப்பது படுக்கையறை மூலையில். கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவே ஒரு மேசை. துணி அலமாரியின் ஒரு கதவு முழுதாகத் திறக்காது, மேசையில் இடிக்கும். ஊரார் வீட்டு அலமாரிகளை எல்லாம் இடிக்காமல் திறக்க வைத்தவள், தன் புடவையைப் பக்கவாட்டில் கைவிட்டுத்தான் உருவுவாள்.

வீட்டில் அந்த வேலைக்குப் பெயர் ‘படம் போடுறது’. பேருந்துப் பணிமனையில் வண்டிகளுக்கு நேர அட்டவணை போடும் கணவர், தொலைபேசியில் யாராவது அவளைக் கேட்டால், "சும்மா படம் போட்டுட்டு இருக்கா, இருங்க கூப்பிடுறேன்" என்பார். விருந்தாளிகள் "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள் வேறு யாராவது பதில் சொல்லிவிடுவார்கள்: "வீட்லதான் இருக்காங்க." வீட்டில் இருப்பது என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று யார் எப்போது முடிவு செய்தார்களோ, அதை அவள் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள்.

விழுங்கியதெல்லாம் ஒரு வாரத்தில் வெளியே வந்தது. அதற்குக் காரணம் ஒரு கம்ப்யூட்டர்.

அந்தத் திங்கட்கிழமை காலை, பழைய இயந்திரம் வேலைக்கு நடுவே செத்துப்போனது. அதைக் குறை சொல்ல முடியாது. ஏழு வருடம் உழைத்தது. கடைசி இரண்டு கோடையில் அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். விசிறி அதற்கு, வியர்வை இவளுக்கு. அன்று கருகிய வாடை வந்தது, திரை இருண்டது, அவ்வளவுதான்.

அது சாவதற்கு அதைவிட மோசமான வாரம் கிடைத்திருக்காது. மில்லிமீட்டர் ஒரு கட்டுமான நிறுவனத்தாரிடம் அவளைப் பற்றிச் சொல்லியிருந்தார். புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு, ஒவ்வொரு வீட்டுக்கும் சமையலறை, ஹால், குளியலறை, எல்லாவற்றுக்கும் படம். மாதிரிக்கு ஒரு சமையலறையை வெள்ளிக்கிழமை காலைக்குள் அனுப்ப வேண்டும். பிடித்தால் வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் இருபது பேர் உட்கார்ந்து வேலை செய்யும் பெரிய ஸ்டுடியோ ஒன்று காத்துக்கொண்டிருந்தது. கட்டுமானக்காரர் மில்லிமீட்டரிடம் கேட்ட ஒரே கேள்வி: "அந்தம்மா வேலை பாக்கிறவங்களா, இல்ல வீட்ல இருக்கிறவங்களா?"

மில்லிமீட்டர் அதை அப்படியே வந்து அவளிடம் சொன்னார். "நான் என்ன மேடம் சொல்றது? ரெண்டும்தான்னு சொன்னேன். அந்தாளு சிரிச்சாரு."

அவள் சிரிக்கவில்லை.

புதிய கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவானது. கடையில் பெட்டியோடு விற்கும் ரகம் அவளுக்கு உதவாது. அவள் வேலைக்கு ஏற்ப ஒவ்வொரு பாகமாகச் சொல்லிக் கட்டவேண்டும். அவளுடைய படத்தில் ஒரு கறுப்புக் கல்மேடை இருந்தால், அதில் சன்னல் தெரியும், சன்னலில் குழாய் தெரியும், குழாயில் மறுபடி மேடை தெரியும். அத்தனை வெளிச்சத்தையும் கணக்குப் போட்டு இயந்திரம் படமாக்குவதற்கு ரெண்டர் என்று பெயர். அந்தக் கணக்கைப் போடுவது கிராபிக்ஸ் கார்டு. அதில் மெமரி குறைந்தால் படம் பாதியில் நிற்கும். அந்தக் கார்டுக்குப் போதுமான மின்சாரம் தரும் பவர் சப்ளை மட்டமாக இருந்தால் எல்லாமே நிற்கும். இவை இரண்டும் சரியாக இருந்தால் போதும், கேபினட் எனப்படும் வெளிப்பெட்டி தகரமாக இருந்தாலும் பரவாயில்லை என்பது அவள் கணக்கு. பணமும் அவளுடையது.

"தம்பியைக் கூட்டிட்டுப் போ. தனியாப் போனா ஏமாத்திடுவாங்க" என்றார் கணவர்.

தம்பி என்றால் அவளுடைய கொழுந்தன். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. குடும்பத்தில் அவனுக்கு ‘ஸ்பெக்’ என்று பெயர். எந்தப் பொருளைப் பற்றிக் கேட்டாலும் ஸ்பெக் சொல்லுவான். மிக்சி வாங்கினால் மோட்டார் சுற்று சொல்லுவான், செருப்பு வாங்கினால் ரப்பர் ரகம் சொல்லுவான். சொல்வதில் பாதி சரியாகக்கூட இருக்கும்.

செவ்வாய்க்கிழமை போனார்கள். கடை ஒரு வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில். மாடிப்படி முழுக்க அட்டைப்பெட்டிகள், தெர்மகோல் துண்டுகள். கண்ணாடி மேசைக்குப் பின்னால் கடைக்காரர், காதில் ஒரு போன், கையில் ஒரு போன். அவர் அவளைப் பார்த்தார், ஸ்பெக்கைப் பார்த்தார், ஸ்பெக்கிடம் கேட்டார்: "சொல்லுங்க சார், வீட்டுக்கா, ஆபீசுக்கா?"

"வீட்டுக்குத்தான்" என்றான் ஸ்பெக்.

"இல்லைங்க, ரெண்டர் பண்ணணும்" என்று அவள் குறுக்கே புகுந்தாள். எந்தக் கார்டு, எவ்வளவு மெமரி, எந்தப் பவர் சப்ளை, எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். கடைக்காரர் "ஓகே மேடம், ஓகே மேடம்" என்று தலையாட்டினார். தலை அவள் பக்கம் ஆடியது, கண் ஸ்பெக் பக்கம் இருந்தது. அந்த நேரம் பார்த்து மில்லிமீட்டர் கூப்பிட்டார். சிங்க் இருக்கும் சுவரில் பதினெட்டு மில்லிமீட்டர் இடிக்கிறதாம். கடைக்குள் சத்தம் தாங்கவில்லை. அவள் படிக்கட்டுக்கு வந்து பேசிவிட்டுத் திரும்புவதற்குள் ஸ்பெக் எழுந்து நின்றிருந்தான்.

"எல்லாம் பேசி முடிச்சாச்சு அண்ணி. நாளைக்கு சாயங்காலம் வீட்டுக்கே வந்துடும்."

"நான் சொன்னதுதானே?"

"அதேதான் அண்ணி. இன்னும் பெட்டரா!"

அந்த ‘இன்னும் பெட்டரா’ என்ற சொல்லில் அவள் அப்போதே அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். அவள் தலைக்குள் பதினெட்டு மில்லிமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள்.

புதன்கிழமை மாலை பெட்டி வந்தது. கணவர் சுவிட்சைப் போட்டார். படுக்கையறை சர்க்கஸ் கூடாரமாக மாறியது. மூன்று பக்கம் கண்ணாடி, உள்ளே வளையம் வளையமாக விளக்கு, சிவப்பு ஓடி நீலமாகி, நீலம் ஓடி ஊதாவாகி, சுவரெல்லாம் நிறம் வழிந்தது.

"அட, சூப்பரா இருக்கே!" என்றார் கணவர்.

அவள் மாதிரிச் சமையலறையைத் திறந்து ரெண்டரை ஓடவிட்டாள். தரை வந்தது. சுவர் வந்தது. கறுப்பு மேடைக்கு வந்ததும் திரையில் ஒரு வரி: மெமரி போதவில்லை. படத்தின் தரத்தைக் குறைத்து மறுபடி ஓட்டினாள். இம்முறை வரிகூட வரவில்லை. ‘டப்’ என்று எல்லாம் அணைந்தது. விளக்குகள் உட்பட.

கண்ணாடிக் கதவைக் கழற்றி உள்ளே பார்த்தாள். கார்டு அவள் கேட்டது இல்லை. மெமரி அதில் பாதிகூட இல்லாத ரகம். பவர் சப்ளையில் அவள் கேள்விப்படாத ஒரு பெயர், எழுத்துப் பிழையோடு. விளக்கு மட்டும் விசிறிக்கு விசிறி, ஒன்றையும் விடாமல் வைத்திருந்தார்கள். அவள் பணத்தில் பாதி விளக்குக்கே போயிருந்தது.

கோபம் வந்தால் சிலருக்குக் குரல் ஏறும். அவளுக்கு உள்ளங்கை சில்லிட்டுப்போகும். சில்லிட்ட கையோடு கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"கார்டை மாத்தச் சொன்னது யாரு?"

"அண்ணி, கேளுங்க. நீங்க சொன்ன கார்டு பெரிய பெரிய ஸ்டுடியோவில போடுறது. கடைக்காரரே சொன்னாரு, வீட்டு யூசுக்கு அது ஓவர்னு. அந்தக் காசுக்கு நல்ல கேபினட் போட்டேன். பாக்க எப்படி இருக்கு?"

"பாக்கவா வாங்கினேன்?"

"சும்மா படம் போடறதுக்கு இதுவே ஜாஸ்தி அண்ணி..."

போனை வைத்துவிட்டாள். பக்கத்தில் கணவர், "விடு, அவன் நல்லது நினைச்சுத்தான் செஞ்சிருப்பான்" என்றார்.

"நல்லது நினைக்கிறவன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கமாட்டானா? உங்க டிப்போவில பஸ் கேட்டா, சீரியல் லைட் கட்டி ஆட்டோ அனுப்பினா சும்மா இருப்பீங்களா?"

டிப்போவில் அப்படி நடந்தால் சும்மா இருக்கமாட்டார் என்பது கணவருக்கே தெரியும்.

வியாழக்கிழமை கடை திறந்ததும் அவள் பெட்டியோடு போய் நின்றாள். ஆட்டோக்காரர் ஒரு பக்கம் பிடிக்க, இவள் மறுபக்கம் பிடிக்க, இரண்டு மாடி. கண்ணாடி மேசையில் அதை இறக்கியபோது புடவைத் தலைப்பு வியர்வையில் ஒட்டியிருந்தது.

"நான் கேட்டது இது இல்ல" என்றாள்.

கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் பில்லைத் தட்டிப் பார்த்தார். "மேடம், சார் சொன்னதுதான் போட்டிருக்கோம்."

"எந்த சார்? வேலை செய்யப்போறது நான். காசு கொடுத்தது நான். அந்த சார் ஆட்டோ கூட பிடிச்சுத் தரலை."

"மாத்தித் தரேன் மேடம், நான் மாட்டேன்னு சொல்லலை. ஆனா பில் சார் பேர்ல இருக்கு. அவரு வரணும்."

"அவர் பேர் எப்படி வந்துச்சு?"

"பில்லுக்கு போன் நம்பர் கேட்டோம், அவரு நம்பர் சொன்னாரு. நம்பரைப் போட்டா பேரு தானா வந்துரும். சிஸ்டம் அப்படி."

அவளுடைய பணத்தில் வாங்கிய இயந்திரத்துக்கு, வாரண்டி முதல் உரிமை வரை இன்னொருவர் பெயரில். சிஸ்டம் அப்படியாம். வீட்டில் இருக்கிற சிஸ்டமும் அப்படித்தான் என்று அவளுக்குத் தோன்றியபோது, சில்லிட்டிருந்த கை சூடானது.

"சரி. அவர் வர்ற வரைக்கும் இதைப் போடுங்க. என் வேலையை இங்கேயே ஓட்டிக் காட்டறேன்."

பென்டிரைவைச் செருகினாள். அதற்குள் கடையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் கடையில் நிற்கும் ஒவ்வொருவரும் வைத்தியர்தான்.

"வைரஸா இருக்கும்மா" என்றார் பிரிண்டர் மை வாங்க வந்தவர்.

"விண்டோஸை அழிச்சிட்டுத் திரும்பப் போடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றான் ஹெட்போன் மாட்டிய ஒருவன்.

"வீட்ல வோல்டேஜ் பிரச்சனை மேடம்" என்றார் மூன்றாமவர்.

"இது உங்க கடை வோல்டேஜ்தானே?" என்று அவள் கடைக்காரரைக் கேட்டாள். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

திரையில் தரை வந்தது, சுவர் வந்தது, சன்னலுக்கு வெளியே ஒரு மரம் வந்தது. பிரிண்டர் மைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "இது போட்டோவாம்மா?" என்றார்.

"இன்னும் கட்டாத வீடுங்க."

"பொய் சொல்லாதீங்க. குழாய்ல தண்ணிச் சொட்டு நிக்குது!"

கறுப்பு மேடை பாதி வந்தது. டப். கடையே கொஞ்சம் மங்கியது போலிருந்தது. விளக்குகள் அணைந்த பெட்டி மீன் இல்லாத தொட்டி மாதிரி நின்றது.

"வைரஸ் இல்ல" என்று ஹெட்போன்காரன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கடைக்காரர் போன் போட்டு வரச்சொன்ன கொழுந்தன் மதிய இடைவேளையில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். மேலதிகாரியிடம் கெஞ்சி வந்தானாம். வந்ததும் கடைக்காரர் பக்கம் திரும்பி, "என்ன சார், அண்ணி கொஞ்சம் டென்ஷன் ஆயிட்டாங்க, பாத்து ஏதாவது பண்ணிக் கொடுங்க" என்றான்.

பதினாறு வருடமாக அவள் கொழுந்தனை ‘நீங்க’ என்றுதான் பேசிவந்தாள். கல்யாணமாகி வந்த முதல் நாள் பழகியது, அப்படியே நின்றுவிட்டது.

"நீ பேசாதே" என்றாள்.

அவன் திகைத்தான். அந்த ‘நீ’ அவன் கன்னத்தில் விழுந்தது போலிருந்தது.

"அண்ணி, ஆளுங்க இருக்காங்க..."

"அன்னிக்கும் ஆளுங்க இருந்தாங்க. நான் இங்கேதான் நின்னேன். வாயைத் திறந்துதான் சொன்னேன். வீட்டுக்குத்தான்னு நீ ஒரு வார்த்தை சொன்ன, நான் சொன்ன இருபது வார்த்தையும் செத்துப்போச்சு. உன் ஆபீஸ்ல உன் நாற்காலியை எடுத்துட்டு, பாக்க அழகா இருக்குன்னு ஊஞ்சல் போட்டா உக்காந்து வேலை செய்வியா? நாளைக்குக் காலையில நான் படம் அனுப்பலைன்னா ஒரு குடியிருப்பு வேலை போகுது. போனா, ‘வீட்ல இருக்கிற அம்மா, அவங்களால முடியலை’ன்னு சொல்லுவாங்க. அதைச் சொல்ல வெச்சது நீ."

"நல்லதுக்குத்தான் அண்ணி..."

"எனக்கு நல்லது பண்ணாதே. பில்லை மாத்து."

பிரிண்டர் மைக்காரர் மை வாங்கி முடித்து வெகுநேரம் ஆகியும் கிளம்பவில்லை. யாரும் கிளம்பவில்லை. கொழுந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தான்.

பிறகு அவள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். அவரையும் விடுவதாக இல்லை.

"உங்களை ஒண்ணு கேக்கறேன். வீட்டுக்கா ஆபீசுக்கான்னு எதுக்குக் கேக்கறீங்க?"

"வழக்கமாக் கேக்கறதுதான் மேடம். வீட்டுக்குன்னா பாட்டு, படம், பசங்க ஹோம்வொர்க். ஆபீசுக்குன்னா..."

"என் வீட்ல ஒரு ஆபீஸ் இருக்கு. அதை எதுல சேர்ப்பீங்க? இடத்தைக் கேக்காதீங்க. என்ன வேலை செய்யப்போறீங்கன்னு கேளுங்க. யார் செய்யப்போறாங்களோ அவங்க மூஞ்சியைப் பாத்துக் கேளுங்க. பாகத்தைப் பிரிச்சுக் காட்டிட்டு மாட்டுங்க. வேலையை ஓட்டிப் பாத்துட்டு அனுப்புங்க. இவ்வளவுதானே?"

கடைக்காரருக்கும் கோபம் வந்தது. அவருக்கும் மனசு இருக்கிறது. "மேடம், ஒரு நாளைக்கு நூறு பேர் வர்றாங்க. ஒவ்வொருத்தர் கதையையும் கேட்டுட்டு இருந்தா நான் கடையை மூடிட்டுப் போகணும்" என்று முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே கார்டைக் கழற்றினார். அவள் கேட்ட கார்டு உள் அறையிலிருந்து வந்தது. பவர் சப்ளை பக்கத்துக் கடையிலிருந்து வந்தது. கண்ணாடிக் கேபினட்டைத் திருப்பி எடுக்கமாட்டேன் என்றார். தூக்கி வந்ததில் ஓரம் கீறிவிட்டதாம். அதில் அவர் பிடிவாதமாக நின்றார். அவளும் விட்டுவிட்டாள். புதிய பில்லில் பெயர் கேட்டபோது, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். நம்பரும் தன்னுடையதைச் சொன்னாள்.

மறுபடி ஓட்டினார்கள். தரை, சுவர், மரம். கறுப்பு மேடை வந்தது, அதில் சன்னல் வந்தது, சன்னலில் குழாய் வந்தது. இயந்திரம் ஒரு பெருமூச்சு மாதிரி இரைந்ததே தவிர, நிற்கவில்லை. படம் முடிந்ததும் ஹெட்போன்காரன், "அக்கா, இந்த வேலைக்கு ஆள் எடுக்கறீங்களா?" என்றான். அவள் அவனை முறைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள். இந்த முறை ஒரு பக்கத்தைக் கொழுந்தன் பிடித்தான்.

படம் வெள்ளிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தது. மாலையில் மில்லிமீட்டர் கூப்பிட்டார். குரலில் மகிழ்ச்சியும் எரிச்சலும் கலந்திருந்தன.

"சமையலறை எல்லாம் உங்களுக்குத்தான் மேடம். ஹாலும் குளியலறையும் ஸ்டுடியோவுக்குப் போயிடுச்சு. மொத்தமும் உங்களுக்கே தரலாம்னு ஒரு யோசனை இருந்துச்சாம். அப்புறம் அந்தாளு சொல்றாரு, ‘வீட்ல இருந்துகிட்டு அவ்வளவையும் எப்படிச் சமாளிப்பாங்க’ன்னு."

"அவர் நம்பரைக் கொடுங்க."

"எதுக்கு மேடம்?"

"கொடுங்க."

அவள் என்ன பேசினாள் என்பது மில்லிமீட்டருக்குத் தெரியாது. ஹால் கிடைக்கவில்லை. ஆனால் கட்டுமானக்காரர் இப்போதெல்லாம் மில்லிமீட்டரிடம் தூது அனுப்புவதில்லை, அவளையே கூப்பிடுகிறார், கூப்பிட்டதும் முதலில், "வேலையில இருக்கீங்களா, அப்புறம் பேசட்டுமா?" என்று கேட்கிறார்.

வீட்டில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. அலமாரிக் கதவு இன்னும் இடிக்கிறது. விளக்குகளை அணைக்கும் வழி யாருக்கும் பிடிபடாததால், கண்ணாடிப் பெட்டியின் மேல் கணவருடைய பழைய காக்கிச் சட்டை ஒன்று தொங்குகிறது. காற்றுப் போகும் பக்கத்தை மட்டும் மூடாமல் விட்டிருக்கிறாள். கொழுந்தனை அவள் மறுபடி ‘நீங்க’ என்று சொல்லவில்லை. அவன் தன் மகளுக்கு அடுத்த மாதம் கம்ப்யூட்டர் வாங்கவேண்டும் என்று, அவளிடம் நேரே கேட்காமல் அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

"மகளை வந்து கேக்கச் சொல்லுங்க. அவதானே உக்காரப்போறா?" என்று அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

குடியிருப்பு வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது. முதல் சமையலறை இரண்டாவது கட்டடத்தின் முதல் மாடி. சன்னல் மேற்குப் பக்கம், மாலை வெயில் மேடைக் கல்லில் விழும்.